நடுவரின் வலது முழங்கை

1

இந்தக் கதை என் கணவரின் வலது முழங்கையிலிருந்து வந்தது. கதைகள் இதைவிடக் கௌரவமான இடங்களிலிருந்து வரும் என்று நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். மனதின் ஆழம், சமூகத்தின் காயம், இப்படி. எனக்குக் கிடைத்தது முழங்கை. அதுவும் அதன் வெளிப்பக்கம், எலும்பு சிறிது புடைத்துக்கொண்டு நிற்குமே, அந்த இடம்.

என் பெயர் றுஸ்தா. கல்முனையில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். இடைக்கிடை கதை எழுதுவேன். கணவர் முஸ்தாக் ஓர் அரச காரியாலயத்தில் கிளாக். ஆனால் கிளாக் முஸ்தாக் என்று கேட்டுக்கொண்டு வந்தால் எங்கள் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. அம்பயர் முஸ்தாக் என்று கேட்க வேண்டும். கடற்கரைப் பக்கத்து மைதானத்தில் நடக்கும் மென்பந்துக் கிரிக்கெட் சுற்றுப்போட்டிகளுக்கெல்லாம் அவர்தான் நடுவர்.

இதை எழுதச் சொன்னவரும் அவர்தான்.

"எழுது புள்ள. நாலு பேருக்குப் பிரயோசனமா இருக்கும். கை நோவு வந்தா என்ன செய்யணும் எண்டு சனத்துக்கு விளங்கட்டும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா அந்த விஷயத்த மட்டும் எழுதாத."

"எந்த விஷயம்?"

"அதான். அந்த விஷயம்."

அந்த விஷயம் இல்லாமல் எழுதிப் பார்த்தேன். கிடைத்த ஆரம்பங்கள் இவை.

"சூரியன் மேற்கே வயல்வெளிகளுக்குப் பின்னால் சாய்ந்துகொண்டிருந்தபோது, வங்கக் கடலின் அலையோசை அந்த மைதானத்தை" — வேண்டாம். ஒரு முழங்கைக்கு இவ்வளவு கடல் தேவையில்லை.

"முஸ்தாக் ஒரு காலத்தில் எதிரணியினர் அஞ்சி நடுங்கிய வேகப்பந்து வீச்சாளராக" — இது அவர் என் கதிரைக்குப் பின்னால் நின்று சொல்லித் தந்தது. அவர் வாழ்நாளில் பந்து வீசியதை நான் கண்டது எங்கள் மகன் சின்னவனாக இருந்தபோது, வீட்டு முற்றத்தில். அதையும் உருட்டித்தான் விட்டார்.

"தசைநார் எனப்படுவது" — இது கதையே அல்ல. சுகாதாரப் பாடம்.

மூன்றையும் அழிக்காமல் விட்டிருக்கிறேன், நான் முயற்சி செய்யவில்லை என்று அவர் பிறகு சொல்லக்கூடாது என்பதற்காக. இனி நடந்ததை நடந்தபடி. அந்த விஷயத்தையும் சேர்த்து.

2

முஸ்தாக் அவுட் கொடுப்பதைப் பார்க்கவென்றே மைதானத்துக்கு வருகிறவர்கள் உண்டு. மற்ற நடுவர்கள் சட்டென்று விரலை உயர்த்திவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். இவர் முதலில் நிலத்தைப் பார்ப்பார். பிறகு பந்து வீசியவனைப் பார்ப்பார், அவனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று யோசிக்கிறவர் போல. அதற்குப் பிறகு வலது கை அடுக்கடுக்காக, மினாரா கட்டுவது மாதிரி, மேலே போகும். உச்சியில் சுட்டுவிரல். அது வரைக்கும் துடுப்பாட்டக்காரன் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பான்.

சித்திரை வெயிலில் ஒரு சனிக்கிழமை. எங்கள் ஊர் அணிக்கும் அட்டாளைச்சேனையிலிருந்து வந்த அணிக்கும் போட்டி. துடுப்பாடிக்கொண்டிருந்தவன் இன்பாஸ். எங்கள் ஊர் அணியின் தலைவன். முஸ்தாக்கின் மூத்த சகோதரி ஸம்ஸியாவின் மகன், எனவே அவருக்கு மருமகன். பந்து அவனுடைய மட்டையின் விளிம்பை உரசிக்கொண்டு விக்கெட் காப்பாளரின் கைக்குப் போனது. உரசிய சத்தம் எல்லைக்கோட்டில் ஐஸ்கிறீம் விற்றுக்கொண்டிருந்தவருக்கே கேட்டதாம். வந்த அணி முழுவதும் கையை விரித்துக்கொண்டு கத்தியது.

முஸ்தாக் நிலத்தைப் பார்த்தார். பந்து வீசியவனைப் பார்த்தார். கை எழும்பத் தொடங்கியது. நெஞ்சுக்கு மேலே வந்து முழங்கையை நீட்டி விரலை விறைப்பாக்கிய அந்தக் கணத்தில், கொதிக்கிற எண்ணெயில் ஒரு சொட்டு முழங்கையில் விழுந்து மணிக்கட்டு வரைக்கும் ஓடினது போல இருந்ததாம். கை தானாக மடங்கி, போன வேகத்தில் தொப்பியில் முட்டியது. தொப்பியைச் சரிசெய்வது போலச் செய்துகொண்டார்.

"அப்ப நொட் அவுட்டா காக்கா?" என்று பந்து வீசியவன், அண்ணனைக் கேட்கிறவன் போல, கேட்டான்.

கை நோகிறது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது ஒரு நடுவர் மைதானத்தில் சொல்லக்கூடிய வசனம் அல்ல என்று அவர் நினைத்தார். "நொட் அவுட்" என்றார்.

இன்பாஸ் அதற்குப் பிறகு அடித்த அடியில் பந்து ஒன்று கடலுக்குள் போய்த் திரும்பி வரவேயில்லை. எங்கள் ஊர் வென்றது. மருமகனுக்கு மாமா தொப்பியைத் தூக்கிச் சலாம் சொன்னார் என்ற கதை, பின்னேரத்து அஸர் தொழுகைக்கு முன்பே அட்டாளைச்சேனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அடுத்த போட்டியில் அவர் இடது கையைத் தூக்கி அவுட் கொடுத்தார். நற்பிட்டிமுனை அணியின் பையன் ஒருவன். அவன் நகரவில்லை.

"இடக் கையால குடுத்தா நான் போகமாட்டன். இடக் கையால சோறு தந்தா வாங்குவீங்களா?"

போட்டி அந்த இடத்திலேயே நின்றது. கொமிட்டி கூடியது. சட்டப் புத்தகத்தில் கை என்று இருக்கிறதா, வலது கை என்று இருக்கிறதா என்று பார்க்கப் போனால், அந்தப் பக்கத்தை யாரோ சம்சா சுற்றக் கிழித்திருந்தார்கள். கடைசியில் பள்ளிவாசலுக்குப் போய் மௌலவியிடம் கேட்டார்கள். அவர் பொறுமையான மனிதர். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நல்ல காரியத்துக்கு வலது கைதான் சிறப்பு. அவுட் குடுக்கிறது நல்ல காரியமா இல்லயா எண்டுறத நீங்க முதல்ல முடிவெடுத்துட்டு வாங்க."

பந்து வீசியவர்கள் நல்ல காரியம் என்றார்கள். துடுப்பாடியவர்கள் இல்லை என்றார்கள். முடிவு வரும் வரைக்கும் சுற்றுப்போட்டி காலவரையறையின்றி ஒத்திவைக்கப்பட்டது. முஸ்தாக் இனி வலது கையால் அவுட் கொடுக்க முடிந்தால் மட்டுமே நடுவர், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்பது என்றும் ஒரு தீர்மானம் எழுதினார்கள்.

அன்று வீட்டுக்கு வந்தவர் கையில் தேத்தண்ணிக் கோப்பையைக் கொடுத்தேன். அது கைநழுவி விழுந்தது. அப்போதுதான் எனக்கே தெரியும்.

3

வைத்தியங்களை எல்லாம் எழுதினால் கதை வீங்கிவிடும். (வீங்கிய கதைக்கும் இஞ்சிப் பத்துத்தான் போட வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார்.) சுருக்கமாக: ஒருவர் எண்ணெய் தந்தார். ஒருவர் கையை இழுத்துவிட்டார். ஒருவர் முழங்கையில் கறுப்பு நூல் கட்டச் சொன்னார், இன்னொருவர் அதை அறுக்கச் சொன்னார். காரியாலயத்தில் ஒருவர் கையைப் பலகையோடு சேர்த்துக் கட்டி மாதக்கணக்கில் அசைக்காமல் வைத்தால் சரியாகும் என்றார். முஸ்தாக் எல்லாவற்றையும் செய்தார். ஒரு நாள் எண்ணெய், இஞ்சி, நூல், பலகை நான்கோடும் காரியாலயம் போனார்.

காரணம் கண்டுபிடித்தது ஸம்ஸியா மதினி.

"தம்பிட கையப் பாரு. தேங்காப்பால் புழிஞ்சு புழிஞ்சுதான் இந்தக் கெதி. ஆம்பிளப் புள்ளயக் குசினிக்குள்ள விட்டா இதுதான்" என்று என் முன்னாலேயே சொன்னா.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் தேங்காய்ப்பால் பிழிகிறவர் அவர்தான், அது உண்மை. ஆனால் ஒரு மனிதனின் கை வெள்ளிக்கிழமைக் கறிக்காக முறியாது. நான் முஸ்தாக்கைப் பார்த்தேன், அவர் ஏதாவது சொல்வார் என்று. அவர் கூரைவிசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன காரணம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே என்னைத் தேங்காய்ப்பாலில் மாட்டிவிட்டார்.

* இந்தப் பகுதியை வாசித்துவிட்டு அவர் ஓரத்தில் எழுதியது: "நான் விசிறியில் தூசு பார்த்தேன்." இதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

4

டொக்டர் அமத்திப் பார்த்துவிட்டுத் துண்டில் எழுதினார்: டெனிஸ் எல்போ.

முஸ்தாக்கின் முகம் மலர்ந்ததை நான் அப்போதுதான் பல மாதங்களுக்குப் பிறகு கண்டேன். டெனிஸ் விளையாடுகிறவர்களுக்கு வருகிற வருத்தம். வழியில் இறைச்சிக் கடையில் நிறுத்திச் சொன்னார். சலூனில் நிறுத்திச் சொன்னார். மோட்டார் சைக்கிளுக்குக் காற்று அடித்த பையனிடமும் சொன்னார். "ஸ்போர்ட்ஸ் இஞ்சரி" என்று சேர்த்துக்கொண்டார்.

பிறகு பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். துஷாந்தினி மிஸ், காரைதீவுக்காரி, எங்கள் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். மெதுவாகக் கதைப்பா. கையைத் தொடும்போது மட்டும் மெதுவாக இல்லை.

"டெனிஸ் விளையாடுற நீங்களா சேர்?"

"இல்ல மிஸ். ஆனா நானும் ஸ்போர்ட்ஸ் லைன்தான்."

"கைய நீட்டுங்க. நடு விரலத் தூக்கிப் பிடிங்க. நான் அமத்துவன், விடாதீங்க."

அமத்தினா. "யா அல்லாஹ்" என்றார் முஸ்தாக். வெளியே வாங்கில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இந்த இடம்தான்" என்று அவ முழங்கையின் வெளிப்பக்க எலும்பைத் தொட்டுக் காட்டினா. "மணிக்கட்டயும் விரலயும் பின்னுக்குத் தூக்குற தசையெல்லாம் நாரா ஒண்டு சேந்து இஞ்சதான் வந்து பிடிக்குது. எதையாவது இறுக்கிப் பிடிச்சாலும் இதுக்குத்தான் வேலை. ஒரு நாள்ல அறுந்த காயம் இல்ல சேர் இது. சின்ன வேலையத் திரும்பத் திரும்பச் செஞ்சு, நார் தன்னைத் திருத்திக்கொள்ள நேரம் குடுக்காம விட்டதுல வாறது. அப்பிடி என்ன வேலை செய்றீங்க?"

"அவுட் குடுக்கிறது."

"ஒரு மெட்சுல எத்தின குடுப்பீங்க?"

அவர் யோசித்தார். "பத்துக்கு மேல குடுக்க ஆக்கள் இல்லயே மிஸ்."

"அது காணாது. வேற என்ன?"

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் 'தேங்காய்ப்பால் என்று சொல்' என்ற மன்றாட்டம் இருந்தது. ஒரு நல்ல மனைவி சொல்லியிருப்பா. ஆனால் ஸம்ஸியா மதினியின் குரல் என் காதுக்குள் இருந்தது. எனக்கும் மானம் உண்டு.

"நுளம்பு பேட் மிஸ்" என்றேன்.

அந்த விஷயம் இதுதான்.

* பேட் தெரியாதவர்களுக்கு: நுளம்பை, அதாவது கொசுவை, அடிக்க மின்சாரத்தில் சாஜ் போடுகிற ஒரு மட்டை. நரம்புக்குப் பதிலாகக் கம்பி வலை. நுளம்பு பட்டால் 'பட்' என்று வெடித்து மெல்லிய வாசம் வரும். ஒவ்வொரு நாளும் காரியாலயம் விட்டு வந்து பொழுது பட்டதும் மஃரிப் தொழுதுவிட்டு அதைக் கையில் எடுத்தாரென்றால், படுக்கைக்குப் போகும் வரைக்கும் வைக்கமாட்டார். கதிரைக்குக் கீழே, திரைச்சீலைக்குப் பின்னே, அலுமாரியின் இடுக்கில். செய்தி பார்த்துக்கொண்டே பின்கையால் வீசுவார். அமைச்சர் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது தொலைக்காட்சித் திரையிலேயே ஒன்றை அடித்தார், எதற்காக என்று நான் கேட்கவில்லை.

"எப்பிடி அடிப்பீங்க, ஒருக்காச் செஞ்சு காட்டுங்க" என்றா துஷாந்தினி மிஸ்.

அவர் மேசையிலிருந்த கோப்பு ஒன்றை எடுத்து, முழங்கையை நீட்டி, மணிக்கட்டால் வெட்டிப் பின்கையாக வீசினார். வீசிவிட்டு முழங்கையைப் பிடித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார்.

"இது டெனிஸேதான்" என்றா அவ. சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினா. பிறகு கேட்டா. "எப்ப இருந்து இப்பிடி அடிக்கிறீங்க?"

"போன மழைக்கு."

"அதுக்கு முந்தி?"

"முந்தி நான் நுளம்பக் கவனிச்சதே இல்ல மிஸ்."

5

இங்கே வந்ததும் எழுதுவதை நிறுத்தினேன். கிழமைக்கணக்கில் இந்தப் பக்கம் வரவில்லை.

காரணம், நான் ஒரு பைத்தியக்கார நடுவரைப் பற்றிச் சிரிப்புக் கதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆள் கச்சிதமாக இருந்தார். தொப்பி, விரல், டெனிஸ் பெருமை. "போன மழைக்கு" என்று அவர் சொன்னதும் அந்த ஆள் என் கைக்கு அடங்காமல் போய்விட்டார். போன மழைக்குத்தான் எனக்கு டெங்கு வந்தது.

காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து என்று டொக்டர்மார் சொன்னார்கள். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. எனக்கு அந்த நாட்கள் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். முஸ்தாக் பயந்ததாக ஞாபகமே இல்லை. கென்டீன் தேத்தண்ணியில் சீனி கூட என்று தாதியிடம் முறைப்பட்டது ஞாபகம் இருக்கிறது. பப்பாசி இலைச் சாற்றை எனக்கென்று கொண்டுவந்து, கசக்குதா என்று பார்க்கத் தானே பாதியைக் குடித்ததும் ஞாபகம் இருக்கிறது. இந்த மனிதனுக்கு எதுவும் உறைக்காது என்று அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு நினைத்தேன்.

இங்கே அவர் ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று [அழுததாக ஒரு பந்தி எழுதினேன். வாசித்துவிட்டு, "நான் அழல்ல, நுளம்புக் கொயில்ட புகை" என்றார். எடுத்துவிட்டேன். எடுத்ததைச் சொல்லவும் கூடாது என்றார்.]

தசைநாருக்கு உவமை ஒன்றும் தேடினேன். தோணிக் கயிறு, மருதமுனைத் தறி நூல் எல்லாம் வந்து நின்றன. எதையும் எடுக்கவில்லை. நார், நாராகவே இருக்கட்டும்.

6

துஷாந்தினி மிஸ் முதலில் பலகையை அவிழ்க்கச் சொன்னா. நூல் இருந்தால் பரவாயில்லை என்றா.

"கட்டி வெச்சா நோவு குறையும், ஆனா நார் இன்னும் பலவீனமாப் போகும். அதுக்கு வேலை குடுக்கத்தான் வேணும். அளவாக் குடுக்கணும். மெல்ல மெல்லக் கூட்டணும். பேட்ட மட்டும் கொஞ்ச நாளைக்கு வைங்க."

"ஊசி ஒண்டு போட்டா சரி வராதா மிஸ்?"

"கெதியாச் சுகமானது மாதிரி இருக்கும். மறுகாத் திரும்பி வாறது கூட. இது மாசக்கணக்குச் சோலி சேர், அவசரப்பட ஏலாது."

முதற் பயிற்சியில் அசைவே இல்லை. உள்ளங்கை கீழே பார்க்க மேசையில் கையை வைத்து, மணிக்கட்டைத் தூக்கப் பார்க்க வேண்டும், மற்றக் கை அதை விடாமல் அமத்த வேண்டும். அப்படியே கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்க வேண்டும். தன் இரண்டு கைகளும் ஒன்றோடு ஒன்று சண்டை பிடிப்பதை முஸ்தாக் நடுவர் முகத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார். நோவு கொஞ்சம் அடங்கிய பிறகு தண்ணீர்ப் போத்தல். முன்கையை மேசையில் வைத்து, கை விளிம்புக்கு வெளியே நீண்டிருக்க, போத்தலை மற்றக் கையின் உதவியோடு தூக்கி, வலது கையால் மட்டும் மிக மெதுவாக இறக்க வேண்டும். அதில் அவர் நிபுணர். கொடுத்த அவுட்டைத் திரும்ப வாங்குகிறவர் போல அப்படி ஆற அமர இறக்குவார்.

செய்யும்போது கொஞ்சம் நொந்தால் பயப்பட வேண்டாம், அடுத்த நாள் காலையில் கூடியிருந்தால் நேற்றுக் கூடச் செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம் என்றா. சாமான் தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்கத் தூக்கச் சொன்னா. அதற்குப் பிறகு அவர் கேத்தலையும் தன் தொப்பியையும் மாத்திரமல்ல, மதினி வீட்டுப் பூனையையும் அப்படித்தான் தூக்கினார்.

ஆனால் நோவு குறைந்து குறைந்து கூடியது. காரணம் எனக்கு ஓர் அந்திக்குத் தெரிந்தது. குளியலறைக்குள் 'பட்' என்றது. கொஞ்சம் விட்டு இன்னொரு 'பட்'.

கதவைத் தட்டினேன். தண்ணீர் திறக்கிற சத்தம் கேட்டது, குளிக்கிறாராம். பிறகு திறந்தார். உடுப்பு நனையவில்லை. பேட் இடது கையில் இருந்தது.

"இடக் கையாலதான் அடிச்சன்" என்றார்.

"இடக் கையால குடுத்த அவுட் செல்லாதெண்டுதானே பிரச்சினை."

"நுளம்பு கொமிட்டிக்கு முறைப்பாடு குடுக்காது."

"வலக் கையாலயும் அடிச்சிருக்கீங்க. நேத்துக் கோப்பையத் தூக்க ஏலாம இருந்தீங்களே."

அவர் குளியலறை வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

"இஞ்சேருங்க, நெட் இருக்கு. கொயில் இருக்கு. எனக்கு ஒண்டும் ஆகாது."

"ஒவ்வொரு நாளும் வந்து ரத்தம் எடுத்தாங்க" என்றார். "ரிப்போட் வாற வரைக்கும் நான் வெளிய நிண்டன். டொக்டருக்கு ஒரு வேலை இருந்திச்சு. தாதிக்கு ஒரு வேலை இருந்திச்சு. எனக்கு என்ன வேலை? நிக்கிறதுதான். நிண்டன். வீட்ட வந்த பொறகு இது ஒண்டுதான் றுஸ்தா என்ட கையால செய்ய ஏலுமா இருந்திச்சு."

இதற்கு நான் ஏதாவது பொருத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். எழுதுகிறவள் என்ற முறையில் பிறகு உட்கார்ந்து பல பதில்களை எழுதிப் பார்த்தேன். எல்லாமே பின்னால் எழுதியது போலவே இருக்கின்றன. நடந்தது இதுதான்: அவர் தலைக்கு மேலே ஒரு நுளம்பு சுற்றியது. நான் அவர் கையிலிருந்து பேட்டை வாங்கி வீசினேன். 'பட்' என்றது.

"மணிக்கட்ட வெட்டாத" என்றார். "ஒனக்கும் வரும்."

7

கிழமை ஒன்று போயிருக்கும். டெங்கு பரிசோதனைக்கு சுகாதாரப் பரிசோதகர், பீஎச்ஐ றிபாஸ், வீடு வீடாக வந்தார். முஸ்தாக் அவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். ஒரு பெரிய வேட்டைக்காரனைச் சின்ன வேட்டைக்காரன் சந்தித்த பக்தி அவர் முகத்தில் இருந்தது. தன் சேவையை எல்லாம் சொன்னார்.

"எத்தின மணிக்கு அடிக்கிற நீங்க சேர்?"

"மஃரிபுக்குப் பொறகு. படுக்கிற வரைக்கும்."

றிபாஸ் தலையைச் சொறிந்தார். "டெங்கு நுளம்பு பகல்லதான் கூடக் கடிக்கும் சேர். காலம்பறயும், பொழுது படுறதுக்கு முந்தியும். நீங்க இவ்வளவு நாளும் அடிச்சது கூடுதலா வேற சாதி."

முஸ்தாக் மெதுவாகக் கதிரையைத் தேடினார். "அப்ப நான் அடிச்சதெல்லாம்?"

"அதுவும் கடிக்கிறதுதான். ஆனா நீங்க தேடின ஆள் அது இல்ல."

தவறான ஆட்களுக்கு இத்தனை மாதம் அவுட் கொடுத்திருக்கிறார். ஒரு நடுவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

மிச்சத்தை றிபாஸ் குசினிக்குள் முடித்தார். ஃபிரிஜைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்து, பின்பக்கத்துத் தட்டில் டோர்ச் அடித்தார். தேங்கிய தண்ணீரில் புழுக்கள் வளைந்து வளைந்து நீந்தின. நாங்கள் இருவரும் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு பார்த்தோம். வீட்டுக்குள்ளேயே, நாங்களே கரன்ட் பில் கட்டி வளர்த்திருக்கிறோம்.

அன்றோடு பேட் அலுமாரிக்கு மேலே போனது. முஸ்தாக் தட்டைக் கழுவினார். கூரைப் பீலியைத் துப்புரவாக்கினார். வீட்டில் தேடுவதற்கு ஒன்றும் மிஞ்சாதபோது வெளியே ஒழுங்கைக்கு இறங்கினார். யார் வீட்டில் யோகட் கோப்பை கிடக்கிறது, யார் மதிலோரம் டயர் கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டு போவார். டயர் கண்டால் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு இரண்டு கையையும் விரித்து 'வைட்' காட்டுவார். தேங்காய்ச் சிரட்டைக்கு ஒற்றைக் கால் தூக்கி 'லெக் பை'. சனம் முதலில் சிரித்தது. பிறகு அவர் வருகிற நேரம் பார்த்துச் சிரட்டைகளை ஒளித்தது. பிறகு ஒளிப்பதைவிடக் கவிழ்ப்பது லேசு என்று கவிழ்த்தது.

முழங்கையை அவர் மறந்துபோனார். போத்தலை மட்டும் ஒரு நாளும் மறக்கவில்லை. துஷாந்தினி மிஸ் போத்தலைப் பெரிதாக்கினா. பெருநாள் கழிந்து வந்த ஒரு காலையில், தேத்தண்ணி ஊற்றிய கேத்தலைத் தூக்கி என் கோப்பையை நிரப்பிவிட்டுத் தன் கோப்பையையும் நிரப்பினார். உள்ளங்கை கீழே பார்த்துக்கொண்டிருந்தது. இருவரும் அதைக் கண்டோம்.

8

மேற்கிலிருந்து கச்சான் காற்று அள்ளி வீசுகிற காலத்தில் சுற்றுப்போட்டி மீண்டும் தொடங்கியது. அவுட் நல்ல காரியமா என்ற கேள்விக்கு முடிவு வரவில்லை. பரிசுக் கிண்ணம் கறுக்கத் தொடங்கியதால் தொடங்கினார்கள்.

கொமிட்டி முஸ்தாக்கைத் தேத்தண்ணிக் கடைக்குக் கூப்பிட்டுக் கையைத் தூக்கிக் காட்டச் சொன்னது. அவர் நிலத்தைப் பார்த்தார், கடைக்காரரைப் பார்த்தார், தூக்கினார். மூலையில் ரொட்டி தின்றுகொண்டிருந்த ஒருவர் பாதியில் எழும்பிக் கை கழுவப் போய்விட்டார். தீர்மானம் ரத்தாகியது.

இறுதிப் போட்டி. எங்கள் ஊருக்கு எதிரே, இடக் கை அவுட்டை ஏற்காத அதே நற்பிட்டிமுனை. மைதானத்தோரத்து வீடொன்றின் மாடியில் பெண்கள் இருந்தோம். எனக்குப் பக்கத்தில் ஸம்ஸியா மதினி, மடியில் வறுத்த கச்சான் கொட்டை. கடைசி ஓவர். இன்பாஸ் நின்றால் வெற்றி.

பந்து போனது. இன்பாஸ் மட்டையை வீசினான். விக்கெட் காப்பாளர் பிடித்துக்கொண்டு துள்ளினான். ஓர் ஊரே கத்தியது.

முஸ்தாக் நிலத்தைப் பார்த்தார். பந்து வீசியவனைப் பார்த்தார். வலது கை எழும்பியது. இடுப்பு, நெஞ்சு, தோள். நான் மதினியின் கையைப் பிடித்திருந்தேன், ஏனென்று தெரியாமல். தொப்பியைத் தாண்டிப் போனது. முழங்கை நீண்டது. விரல் உச்சிக்குப் போய் நின்றது. ஒரு நடுக்கமும் இல்லை. இன்பாஸ் ஏதோ சொல்லிக்கொண்டு கிட்ட வந்தான். விரல் இறங்கவில்லை. அவன் மைதானத்தை விட்டுப் போய், மட்டையை வீசி எறிந்த பிறகும் இறங்கவில்லை.

மதினி தன் கையை என் பிடியிலிருந்து எடுத்துக்கொண்டா. "படல்ல" என்றா. கச்சான் கொட்டையையும் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனா.

நாங்கள் தோற்றோம்.

திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து கேட்டேன்.

"இஞ்சேருங்க. பந்து மட்டையில பட்டதா?"

"சத்தம் கேட்டிச்சு."

"இந்தக் காத்துக்குள்ளயா?"

கடற்கரை வீதியில் மணல் பறந்துகொண்டிருந்தது.

"இல்லாட்டி, கை தூக்க ஏலும் எண்ட சந்தோஷத்துல தூக்கிட்டீங்களா?"

வீதிச் சந்தியில் வேகத்தைக் குறைத்தார். பிறகு தலையைக் கொஞ்சம் திருப்பினார்.

"நோகவே இல்ல றுஸ்தா" என்றார்.

9

அன்றிலிருந்து மதினி எங்கள் வீட்டுக்கு வரவில்லை. சந்தையில் கண்டால் மீனைப் பார்ப்பா. எனவே இந்தக் கதைக்கு ஒரு முடிவு தேவைப்படுகிறது. எழுதி வைத்தவை இவை.

(அ) பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் தொலைபேசியில் பிடித்த படம் கிடைக்கிறது. பந்து மட்டையில் பட்டது தெளிவாகத் தெரிகிறது. மதினி வந்து மன்னிப்புக் கேட்கிறா. — மதினியை அறிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

(ஆ) அதே படம். படவில்லை என்று தெரிகிறது. முஸ்தாக் இன்பாஸிடம் மன்னிப்புக் கேட்கிறார். — முஸ்தாக்கை அறிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

(இ) முஸ்தாக் சொன்ன முடிவு: "நடுவரின் தீர்ப்பே இறுதியானது." இது முடிவு அல்ல, விதி.

(ஈ) இன்பாஸ் தானே தாயிடம் போய், உண்மையில் பட்டதும்மா என்று

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் வாசல் கேற் திறக்கிற சத்தம் கேட்டது. ஜன்னலால் பார்த்தேன். ஸம்ஸியா மதினி. கையில் மூடிய பாத்திரம் ஒன்று. முகத்தில் கோபமா சிரிப்பா என்று பார்க்க முக்காடு விடவில்லை. பின்னால் இன்பாஸ், தாயின் செருப்பைப் பார்த்துக்கொண்டு வருகிறான்.

முஸ்தாக்கும் கண்டுவிட்டார். "நான் இல்லயெண்டு சொல்லு" என்று குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். தண்ணீர் திறந்துவிடுகிற சத்தம் கேட்கிறது.

மதினி உள்ளே வந்ததும் கேட்கப்போவது ஒரே கேள்விதான், எனக்குத் தெரியும். அவரிடம் அல்ல, என்னிடம்தான் கேட்பா, நானும் அந்த மாடியில் இருந்தேன் என்பதால். நான் பந்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கையை.

கதவைத் தட்டுகிறா. நான் எழும்புகிறேன். பந்து பட்டதா, இல்லையா? நீங்களும் இவ்வளவு நேரமாக எங்களோடுதானே இருந்தீர்கள்.